சங்கிலிக்கு அரம் போடும்போது எந்தக் கோணம்?

சங்கிலி ரம்பம் வைத்து மரம் அறுக்கிறவர்கள் இருவர் சந்தித்தால், க்ஷேமலாபங்கள் விசாரித்து முடிந்த கையோடு பேச்சு வந்து நிற்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பல்லுக்கு அரம் போடும்போது எத்தனை டிகிரி சாய்த்துப் பிடிப்பது? கம்பெனிக்காரர்கள் 30 டிகிரி என்று போட்டிருக்கிறார்கள், அதை மாற்ற நாம் யார் என்பார் ஒருவர். புளியையும் கருவேலத்தையும் அறுக்கிறவனுக்கு 25 தான் உத்தமம், 30 வைத்தால் ஒரு மரம் முடிவதற்குள் முனை போய்விடும் என்பார் மற்றவர். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. இரண்டைப் பற்றியும் விஸ்தாரமாகவே சொல்லப் போகிறேன். ஆனால் அரமும் கையுமாகப் பல வருஷங்கள் பழகியதில் என் மனத்தில் ஸ்திரப்பட்டுப் போன அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாம் இவ்வளவு வாதம் செய்கிற அந்தக் கோணம், மேலேயிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற கோணம். அதைவிடப் பெரிய காரியத்தைச் செய்கிற இன்னொரு கோணம் பல்லின் மேல்தகட்டுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. அதைக் கவனிக்காதவர் முன்னதை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் பிரயோஜனம் குறைவு.

இது விளங்க வேண்டுமானால் பல்லை நன்றாகப் பார்க்க வேண்டும். கைரம்பத்தின் பல் முக்கோணமாக, நேராக நிற்பது. சங்கிலியின் பல்லோ ஒரு பக்கத்தகடு செங்குத்தாக எழுந்து, மேலே வளைந்து, மேல்தகடாகப் படுத்திருப்பது. ஆரம்ப காலத்துச் சங்கிலிகளில் பல் கைரம்பத்துப் பல்லைப் போலவே நேராக நின்று, மரத்தைச் சுரண்டிச் சுரண்டித் தூளாக்கிக்கொண்டிருந்தது. அதைத் தீட்டுவதும் பெரிய சிரமம். 1946-ஆம் வருஷம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் பஃபோர்டு காக்ஸ் என்பவர், ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த விரல் பருமனுள்ள வண்டுப் புழு ஒன்றை உற்றுப் பார்த்தார். அந்தப் புழு, நாரின் போக்கிலும் சரி, நாருக்குக் குறுக்கிலும் சரி, தன் இஷ்டப்படி வழி செய்துகொண்டு போயிற்று. அதன் தாடைகள் இடமும் வலமுமாக வளைந்து மரத்தைச் சீவின. அந்தத் தாடையின் வளைவை உருக்கில் செய்து சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் கோத்து, 1947-இல் போர்ட்லண்டு நகரில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்குகிற சங்கிலிகளெல்லாம் அந்த வம்சமே. ஆகவே இந்தப் பல்லின் மேன்மை முழுவதும் அதன் வளைவுக்குள்ளே, உட்புறத்தில் இருக்கிறது. அரத்தை உருண்டையாகச் செய்திருப்பதற்கும் அதுவே காரணம்.

இனி, கண்ணில் படுகிற கோணத்துக்கு வருவோம். மரத்தைக் குறுக்கே துண்டு போடும்போது, மேல்தகடும் பக்கத்தகடும் சேர்கிற மூலை முதலில் மரத்துக்குள் இறங்கி, நாரை வெட்டுகிறது. அப்படி வெட்டுண்ட நாரை மேல்தகட்டின் முனை பின்னாலேயே வந்து அடியோடு பெயர்த்துச் சீவலாக வெளியே தள்ளுகிறது. மேல்தகட்டின் முனையை எவ்வளவு சாய்வாக விடுகிறோமோ அவ்வளவுக்கு மூலை கூர்மையாகி முன்னால் நீண்டு நிற்கும். முருங்கை, இலவம் போன்ற மெத்தென்ற மரத்தில் அது வேகமாக ஓடும்; 35 டிகிரி வரையில்கூட அங்கே வைக்கலாம். ஆனால் கூர்மை ஏற ஏற மூலையில் இரும்பு குறைகிறது. இரும்பு குறைந்த மூலை வைரம் பாய்ந்த புளியிலோ, முற்றிய சவுக்கிலோ, சீமைக்கருவேலத்திலோ சீக்கிரம் உருண்டு போகும். தவிரவும், சாய்வு அதிகமான பல் மரத்தில் ஓடும்போது பக்கவாட்டில் தள்ளப்படும் விசையும் அதிகம். அந்த விசையைச் சங்கிலியின் ரிவெட்டுகளும், சங்கிலி ஓடுகிற நீண்ட தகடான பாரின் காடியும் தாங்க வேண்டியிருக்கிறது. சாய்வைக் குறைத்தால் வேகம் சற்றே குறையும். முனை நெடுநேரம் நிற்கும். அறுப்பும் அதிர்ச்சியில்லாமல் போகும். எனவே வேகத்துக்கும் நீடிப்புக்கும் இடையில் செய்துகொள்கிற உடன்பாடு என்றுதான் இந்த எண்ணைக் கொள்ள வேண்டும். பலவகை மரங்களையும் மாற்றி மாற்றி அறுக்கிறவர்கள் கம்பெனி குறித்துக் கொடுத்த எண்ணை, பெரும்பாலான சங்கிலிகளில் அது 30, விட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை. அநேகச் சங்கிலிகளின் மேல்தகட்டில் அதற்கென்றே சாய்வாக ஒரு கோடு கீறப்பட்டிருக்கும். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் நாள் முழுவதும் கருவேலமே அறுக்கிற ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துத் தொழிலாளி 25-க்கு இறங்கினால் அது புத்திசாலித்தனம்.

இவ்வளவோடு நின்றுவிடுகிறவர்களுக்கு நேர்கிற கஷ்டத்தை நான் மிக நன்றாகப் பார்த்தது கஜா புயலுக்குப் பின்னால். 2018 நவம்பர் 16-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில் வேதாரண்யத்துக்கு அருகில் கரையேறிய அந்தப் புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் வாரக்கணக்கில் ரம்பச் சத்தம் ஓயவில்லை. அதுவரையில் ரம்பத்தைத் தொட்டுப் பார்த்திராத இளைஞர்கள் பலர் அப்போது புதிதாக யந்திரம் வாங்கிக்கொண்டு வேலைக்கு இறங்கினார்கள். தென்னை ரம்பத்துக்குச் சுலபமான மரம் என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். அதற்கு ஆண்டு வளையமும் கிடையாது, வேம்பைப் போல நடுவில் வைரமும் கிடையாது; கெட்டியான நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் கலைந்தும் கிடக்கின்றன; ஆகையால் வெளிவட்டம் இரும்பாகவும் உள்ளே சோறாகவும் இருக்கிறது. பல் ஒவ்வொரு தடவையும் கடினத்தில் புகுந்து, மெதுவில் ஓடி, மறுபடி கடினத்தில் வெளியேற வேண்டும். சாய்ந்து கிடக்கிற மரமானால் பட்டையில் மணல் வேறு அப்பியிருக்கும். முனையை மழுக்குவதில் எந்த வைரமும் மணலுக்கு இணையில்லை. அந்த மாதங்களில் கூரான மூலையுள்ள சங்கிலியைவிட மூலை உருட்டிய சங்கிலியே தோப்புகளில் நின்று உழைத்தது.

அப்போது ஓர் இளைஞர் தம் ரம்பத்தைக் கொண்டுவந்து என் எதிரே வைத்து, "அண்ணே, முப்பதுலதான் அரம் போட்டேன். கோடு மேல கோடா வச்சுப் போட்டேன். இருந்தும் தூளாத்தான் கொட்டுது, சீவல் வரமாட்டேங்குது" என்று குறைப்பட்டார். கோணமானியை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சத்தியம். பல்லுக்குப் பல் 30 டிகிரி வரி பிசகாமல் இருந்தது. "தம்பி, எந்த அரம் போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் எடுத்துக் காட்டியது 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம். சங்கிலியோ 0.325 அங்குல ரகம், அதற்குரியது 4.8 மில்லிமீட்டர் அரம். நோய் அங்கேதான் இருந்தது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இந்தக் கணக்கு அரம் போடுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. உருண்டை அரம் பல்லின் குடைவில் படுத்திருக்கும்போது அதன் உச்சி மேல்தகட்டுக்கு மேலே கொஞ்சம் தெரிய வேண்டும். விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றோ நாலில் ஒரு பங்கு என்றோ கையேடுகள் சொல்லும். அந்த உயரமே, மேல்தகட்டின் முனை உட்புறமாக எவ்வளவு மெல்லியதாகச் சீவப்படும் என்பதை நிர்ணயிக்கிறது. நாலில் ஒரு பங்கு மேலே தெரிந்தால், வட்டத்தின் ஜ்யாமிதிப்படி முனையின் உட்கோணம் சரியாக 60 டிகிரி. ஐந்தில் ஒரு பங்கானால் 53. பத்தில் ஒரு பங்கு மட்டுமே தெரியும்படி அரம் கீழே இறங்கிவிட்டால் 37 டிகிரிக்குக் குறைந்துவிடும். பத்தில் மூன்று பங்கு மேலே ஏறிவிட்டால் 66-ஐத் தாண்டும். 4.8 மில்லிமீட்டர் அரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது அரை மில்லிமீட்டருக்கும் ஒரு நூல் குறைவு. அதாவது, கை அரை மில்லிமீட்டர் தாழ்ந்தால் மறைந்திருக்கிற கோணம் 16 டிகிரி மாறுகிறது! மேலே 25-ஆ 30-ஆ என்று நாம் தர்க்கம் செய்கிற வித்தியாசம் 5 டிகிரி.

அந்த இளைஞரின் அரம் உரிய அளவைவிட 0.7 மில்லிமீட்டர் தடிப்பு. குடைவின் அடியில் உட்கார்ந்த பிறகு அந்தத் தடிப்பு முழுவதும் மேலேதான் துருத்திக்கொண்டு நின்றது. விட்டத்தில் பத்தில் மூன்று பங்கு தகட்டுக்கு மேலே போய்விட, உட்கோணம் 66 டிகிரிக்கு மேலே மொண்ணையாகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் அழகான 30. உள்ளே பார்த்தால் மரத்தை இடிக்கிற முனை. இதற்கு எதிரான பிழையும் உண்டு. மெல்லிய அரத்தைப் போட்டாலோ, கையைத் தாழ்த்தி அழுத்தினாலோ பக்கத்தகடு கொக்கியைப் போல உட்குழிந்து, முனை ஈர்க்காக மெலிந்துவிடும். அப்படிப்பட்ட பல் முதல் இரண்டு மரத்தில் அற்புதமாகக் கடிக்கும். பார்ப்பவர் பிரமித்துப் போவார். மூன்றாவது மரத்தில் முனை மடங்கிப் போய், சங்கிலி மரத்தைப் பிடித்து இழுத்துக் குதிக்க ஆரம்பிக்கும். ஆகவே பல்லைப் பரீக்ஷிக்கிறவர் மேலேயிருந்து மட்டும் பார்க்காமல், ரம்பத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் குடைவின் வடிவத்தைப் பார்க்கட்டும். பக்கத்தகட்டின் முனைக்கோடு பின்பக்கம் மல்லாந்திருந்தால் அரம் ஏறி ஓடியிருக்கிறது. கொக்கியாக முன்னால் வளைந்திருந்தால் இறங்கி ஓடியிருக்கிறது.

அரத்தின் அளவைத் தெரிந்துகொள்வதற்குச் சங்கிலியின் ரகம் தெரிய வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரையில் அளந்து, வருவதைப் பாதியாக்கினால் சங்கிலியின் இடைவெளி கிடைக்கும். 0.325 அங்குலத்துக்கு 4.8 என்று முன்பே சொன்னேன். 3/8 அங்குலத்தில் இரண்டு ஜாதிகள் இருக்கின்றன. சிறு யந்திரங்களில் வருகிற உயரம் குறைந்த ஜாதிக்கு 4 மில்லிமீட்டர் அரம், பெரிய யந்திரங்களுக்கான முழு ஜாதிக்கு 5.2 அல்லது 5.5. அளந்தால் இரண்டும் ஒன்றாகவே வரும் என்பதால், இங்கே பெட்டியையோ பாரில் பொறித்திருப்பதையோ பார்ப்பதுதான் வழி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மேல்தகடு பின்னால் போகப் போகச் சரிந்து இறங்குவதால், தீட்டித் தீட்டிப் பல் தேயும்போது அதன் உயரமும் குறைகிறது. பாதிக்கு மேல் தேய்ந்துபோன பல்லுக்குப் பழைய அரமே தடிப்பாகிவிடக்கூடும். சில சங்கிலிகளுக்கு அந்தப் பருவத்தில் ஓர் அளவு சிறிய அரத்துக்கு மாறச் சொல்வதன் சூக்ஷ்மம் இதுவே. அரத்தின் கைப்பிடியை மட்டமாகப் பிடிப்பதா, 10 டிகிரி தாழ்த்திப் பிடிப்பதா என்பதும் சங்கிலிக்குச் சங்கிலி வேறுபடும். இதில் சொந்த அபிப்பிராயத்துக்கு இடமில்லை, பெட்டியில் உள்ளபடி செய்வதே முறை.

போடுகிற முறை சொல்லப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாக நீளும். கோணத்தைக் காப்பாற்றுவதற்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பாரை வைஸில் இறுக்கிக்கொள்ளுங்கள்; தோப்பில் வைஸ் ஏது என்பீர்களானால், ஒரு கட்டையில் பாரின் கனத்துக்கு ஒரு வெட்டு விட்டு அதில் செருகிக்கொள்ளுங்கள். மடியில் வைத்துக்கொண்டு அரம் போடுகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஆடுகிற ரம்பத்தில் எந்தக் கோணமும் நிற்காது. கையுறை அவசியம். அரம் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, தள்ளும்போது மட்டும் உராய வேண்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். ஒரு பக்கத்துப் பற்களையெல்லாம் முடித்துவிட்டு, அப்புறம் எதிர்ப்பக்கம் போய் நின்று மற்றவற்றைப் போட வேண்டும். நம்மில் அநேகருக்கு ஒரு பக்கம் கை நன்றாக வரும், மறுபக்கம் பலம் குறையும்; அதனால் இடப்பக்கத்துப் பற்கள் ஒரு நீளமும் வலப்பக்கத்துப் பற்கள் ஒரு நீளமுமாகப் போய், ரம்பம் மரத்துக்குள் நேராக இறங்காமல் பிறை போல வளைந்து போகிறது. எல்லாவற்றிலும் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவருவதுதான் பரிகாரம். எல்லாப் பற்களும் ஒரே சீராக 27 டிகிரியில் இருக்கிற சங்கிலி, ஒன்று 25, ஒன்று 30, ஒன்று 33 என்று சிதறிக் கிடக்கிற சங்கிலியைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்தது. இதற்காகவே, கோணக்கோடு பொறித்த கைடு ஒன்றை அரத்தோடு பூட்டிக்கொள்ளும்படி எல்லோரையும் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது வழக்கம். கைடு கோணத்தோடு உயரத்தையும் சேர்த்துப் பிடித்துக் கொடுக்கிறது. அதன் பெரிய உபகாரம் அந்த இரண்டாவது காரியம்தான்.

பல்லுக்கு முன்னால் நிற்கிற சிறிய மேட்டை, ரேக்கர் என்று நம்மவர்கள் சொல்வதை, மறந்துவிட்டால் இத்தனை உழைப்பும் வீண். தச்சன் கையிலுள்ள இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் சீவலின் கனத்தைத் தீர்மானிப்பது. இங்கே உளியின் ஸ்தானத்தில் பல், கட்டையின் ஸ்தானத்தில் அந்த மேடு. பெரும்பாலான சங்கிலிகளில் மேடு பல்லின் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல் தேயத் தேய முனை இறங்குகிறது, மேடு இறங்குவதில்லை. ஆகவே அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் அதையும் குறைத்து வர வேண்டும். ஆசைப்பட்டு அதிகமாகக் குறைத்தவர்கள் ரம்பம் எகிறி முகத்தை நோக்கி வருவதை அனுபவத்தில் கண்டிருப்பார்கள். உயிருக்கே ஆபத்தான அந்தத் தவற்றை யாரும் செய்ய வேண்டாம்.

கடைகளில் சாணை யந்திரத்தில் வைத்துத் தீட்டித் தருகிறார்கள். கல்லில் பட்டு ஒரு பல் பாதி உடைந்துபோன சங்கிலிக்கு அது தேவைதான். ஆனால் சக்கரத்தைப் பல்லின் மேல் ஒரு கணம் அதிகமாக அழுத்தினால் முனை நீலம் பாய்ந்து, உருக்கின் பதம் போய்விடும். அந்தப் பல் பிறகு எந்தக் கோணத்துக்கும் கட்டுப்படாது. அன்றாடத் தீட்டலுக்கு, பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்து ஊற்றுகிற நேரத்தில் இரண்டு மூன்று இழுப்பு என்கிற கணக்கில், கை அரமே போதுமானது.



கடைசியாக, நெடுக்கு அறுப்பு. சாய்ந்த தென்னையையும் வேம்பையும் விறகாக்க மனமில்லாமல், சட்டம் போட்டு, ரம்பத்தை அதில் பூட்டி, பலகையாகவும் உத்திரமாகவும் அறுத்துக்கொள்கிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மிகவும் சந்தோஷமான விஷயம். இவர்களுக்கு மேலே சொன்ன 30-உம் 25-உம் பொருந்தாது. குறுக்கு அறுப்பில் நாரை வெட்டியது மூலை. நெடுக்கு அறுப்பில் பல் நாரின் நுனியை எதிர்கொள்கிறது, வெட்டுகிற பாரம் முழுவதும் மேல்தகட்டின் முனை மீது வந்து விழுகிறது. சாய்ந்த முனை அங்கே பக்கவாட்டில் வழுக்கிப் பலகையின் முகத்தில் வரி வரியாகக் கீறிவிடும். அதனால் 10 டிகிரி அளவில், ஏறக்குறைய நேராகவே முனையை விடுவார்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் பலகை வழவழப்பாக வரும், இழைப்பு வேலை மிச்சமாகும். 30-இல் இருக்கிற சங்கிலியை ஒரே மூச்சில் 10-க்குக் கொண்டுவர நினைத்தால் ஒவ்வொரு பல்லிலும் இரும்பு ஏராளமாகப் போய்விடும். நாலைந்து தீட்டலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருவது நல்லது. அப்படி வந்த சங்கிலியை மறுபடி விறகுக்கு மாட்டி, திரும்ப 30-க்கு ஏற்றி, அடுத்த மாதம் பலகைக்கு இறக்குவது என்று போனால் ஒரு வருஷத்துக்குள் பல் தன் எல்லைக்கோட்டைத் தொட்டுவிடும். பலகை அறுக்கிற எண்ணமுள்ளவர்கள் அதற்கென்று இரண்டாவது சங்கிலி ஒன்றை வாங்கி, 10 டிகிரி என்று சீட்டு எழுதிக் கட்டி, எண்ணெயில் நனைத்துத் தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.